சர்வதேச உறவுகள் எம்.ஏ.: சேர்வதற்கு முன்பும் சேர்ந்த பிறகும்

சர்வதேச உறவுகள் படிக்க வருகிறவர்களில் பலர் இரண்டு நம்பிக்கைகளோடு வருகிறார்கள். இந்தப் பட்டம் ஐ.எஃப்.எஸ். என்னும் இந்திய வெளியுறவுப் பணிக்கு நேர்வழி என்பது ஒன்று. தினமும் உலகச் செய்தி படிப்பதால் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும் என்பது மற்றொன்று. முதல் செமஸ்டர் முடிவதற்குள் இரண்டும் உடைந்துவிடும்.

ஐ.எஃப்.எஸ். தனித் தேர்வு கிடையாது. யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வில் பெறும் தரவரிசையும் விண்ணப்பத்தில் எழுதும் விருப்ப வரிசையும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. எந்தப் பட்டதாரியும் எழுதலாம், இந்தப் பட்டத்துக்கென்று சலுகை எதுவும் இல்லை. அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும் சேர்ந்த விருப்பப் பாடத்தை எடுத்தால் 250 மதிப்பெண் வீதம் இரண்டு தாள்கள், முதன்மைத் தேர்வின் எழுத்து மதிப்பெண் 1750-இல் 500. அதிலும் முதல் தாள் முழுவதும் அரசியல் கோட்பாடும் இந்திய அரசியலும். எம்.ஏ.வில் படித்தது நேராக உதவுவது இரண்டாம் தாளுக்கு. அதனால் யு.பி.எஸ்.சி. மட்டுமே குறி என்றால் இரண்டு வருடம் டெல்லியில் செமினார் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பது சுற்றுவழி.

இனி எங்கே படிப்பது. இந்தியாவில் இந்தத் துறையின் பழைய வீடு ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் (ஜே.என்.யு.) சர்வதேச ஆய்வுகள் பள்ளி. 1955-இல் டெல்லியில் தனி நிறுவனமாகத் தொடங்கி 1970-இல் ஜே.என்.யு.வோடு இணைந்தது. கொல்கத்தாவில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் சர்வதேச உறவுகள் துறை 1956 முதல் இருக்கிறது. பக்கத்தில் வேண்டுமானால் காலாப்பட்டில் புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம், கோட்டயத்தில் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம், சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் உத்திசார் ஆய்வுகளுக்குத் தனித் துறையே உண்டு. டெல்லியில் சார்க் நாடுகள் நிறுவிய தெற்காசியப் பல்கலைக்கழகம் தனியாக நுழைவுத் தேர்வு நடத்துகிறது. இலங்கை, நேபாளம், வங்கதேச மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து தெற்காசியாவைப் படிக்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம்.

ஜே.என்.யு., புதுச்சேரி போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் (CUET) என்னும் பொது நுழைவுத் தேர்வின் முதுகலைத் தாளை எழுத வேண்டும். 75 கேள்விகள், சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு. நேரம் 2025-இல் 90 நிமிடமாகக் குறைக்கப்பட்டது, அதாவது ஒரு கேள்விக்கு 72 நொடி. எந்தப் படிப்புக்கு எந்தத் தாள் என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பில் பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். தவறான தாளை எழுதிவிட்டால் நல்ல மதிப்பெண்ணும் வீண். அரசியல் அறிவியல் தாளில் சர்வதேச உறவுகள் ஒரு பகுதிதான். அரசியல் சிந்தனையாளர்கள், இந்திய அரசமைப்பு, ஒப்பீட்டு அரசியல் எல்லாம் வரும். உலக அரசியலை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். கழிவு மதிப்பெண்ணுக்கு அளவுக்கு மீறிப் பயப்படவும் வேண்டாம். நான்கு விடைகளில் ஒன்று நிச்சயம் தவறு என்று தெரிந்தால்கூட, மீதி மூன்றில் ஒன்றைக் குறிப்பது சராசரியில் லாபம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்று தடவையில் ஒரு தடவை 4 வரும், இரண்டு தடவை 1 போகும். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். தமிழ்வழியில் படித்தவர்கள் கலைச்சொற்களை ஆங்கிலத்தில் பழகிக்கொண்டு போவது கட்டாயம்.

தமிழ்நாட்டு மாணவர்கள் ஆண்டுதோறும் தடுக்கி விழும் இடம் சாதிச் சான்றிதழ். நம் ஊர் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மத்தியப் பல்கலைக்கழகத்தில் செல்லாது. உங்கள் சாதி மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் இருக்க வேண்டும், மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்தோர் பிரிவில்) வரவில்லை என்ற குறிப்போடு, அந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். போன வருடத்துச் சான்றிதழை நீட்டினால் பொதுப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள், அல்லது இடமே போய்விடும். ஏப்ரல் பிறந்ததும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். கலந்தாய்வு அறிவித்த பிறகு தாசில்தார் அலுவலகத்துக்கு ஓடினால் நேரம் போதாது. கையோடு இன்னொன்று: மத்தியப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் குறைவுதான், ஆனால் விடுதி முதல் நாளே கிடைக்கும் என்று எண்ணிப் போகக் கூடாது. இரண்டு மாதம் வெளியில் அறை எடுத்துத் தங்கும் பணம் கையில் இருக்கட்டும்.

சேர்ந்தாகிவிட்டது. முதல் தடை ஆங்கிலம் என்று நினைப்போம். அதைவிடப் பெரிய தடை, நமக்கு ஏற்கெனவே தெரிந்த தமிழ்ச் சொற்கள்.

‘அனார்க்கி’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அகராதி ‘அராஜகம்’ என்று சொல்லும். அராஜகம் என்றதும் கல்வீச்சும் கடை உடைப்பும் நினைவுக்கு வரும். இந்தத் துறையில் அதற்குக் குழப்பம் என்ற பொருளே இல்லை. அரசுகளுக்கு மேலே அவற்றைக் கட்டுப்படுத்தும் இன்னொரு அரசு இல்லை, அவ்வளவுதான். உலகம் பரம அமைதியாக இருக்கும் நாளிலும் அது அனார்க்கிதான். இதைத் தவறாகப் பிடித்தவர்கள் “ஐ.நா. வந்த பிறகு அராஜகம் குறைந்துவிட்டது” என்று எழுதுவார்கள். அனார்க்கி பற்றி இந்தத் துறையின் கோட்பாட்டாளர் கென்னத் வால்ட்ஸ் 1979-இல் கட்டிய வாதமும், அதற்கு இன்னொரு கோட்பாட்டாளர் அலெக்சாண்டர் வெண்ட் 1992-இல் எழுதிய மறுப்பும் பிறகு தலைகீழாகத்தான் புரியும். ‘ரியலிசம்’ இன்னொரு பொறி. யதார்த்தவாதம் என்று மொழிபெயர்த்ததும் ‘நடைமுறைக்கு ஏற்றபடி யோசிப்பது’ என்று மனம் தானாகப் பொருள் கொள்ளும். அது ஒரு கோட்பாட்டின் பெயர். ரியலிசம் சொல்வது யதார்த்தத்தில் நடக்காமலும் போகலாம்.

அடுத்தது அரசு, தேசம், அரசாங்கம். பேச்சில் மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். இங்கே மூன்றும் வேறு. நிலப்பரப்பும் மக்களும் இறைமையும் சேர்ந்தது அரசு, ஆட்சியில் இருப்பது அரசாங்கம், தங்களை ஒரே மக்கள் என்று உணரும் கூட்டம் தேசம். ஈழப் பிரச்சினை பற்றித் தமிழில் நடக்கும் வாதங்களில் பாதி, ஒருவர் தேசம் என்று சொன்னதை மற்றவர் அரசு என்று கேட்டதால் வந்தது. இலங்கைத் தமிழில் ‘இறைமை’ என்பதை நாம் ‘இறையாண்மை’ என்கிறோம், இரண்டும் ஒன்றே. ஒரு சின்ன நோட்டில் ஆங்கிலச் சொல், தமிழ்நாட்டு வழக்கு, இலங்கை வழக்கு, துறையில் அதன் சரியான பொருள் என்று நான்கு கட்டம் போட்டு முதல் செமஸ்டரில் நூறு சொற்கள் சேர்த்தால் போதும். “இந்தியா முடிவெடுத்தது” என்று எழுத வரும்போதெல்லாம் நிறுத்தி, யார் எடுத்தது என்று கேளுங்கள். அமைச்சரவையா, வெளியுறவு அமைச்சகமா, பிரதமர் அலுவலகமா? பதில் தெரியாவிட்டால் அந்த வாக்கியத்தை எழுதும் நேரம் இன்னும் வரவில்லை.

வாசிப்பின் அளவு பலரை முதல் மாதமே திணறடிக்கும். நான்கு தாள், ஒவ்வொன்றுக்கும் வாரம் இரண்டு மூன்று கட்டுரை, ஒவ்வொன்றும் 25, 30 பக்கம். முதல் வரியிலிருந்து அகராதியோடு படித்தால் ஒன்றுகூட முடியாது. முதலில் சுருக்கம், முன்னுரையின் கடைசிப் பத்தி, முடிவுரை ஆகியவற்றை மட்டும் படியுங்கள். கால் மணி நேரம். கட்டுரையாளர் என்ன கேட்கிறார், என்ன பதில் சொல்கிறார் என்பது இதில் வந்துவிடும். அடுத்து ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள், அரை மணி. அதன் பிறகு எங்கே ஆதாரம் காட்டுகிறாரோ அந்தப் பகுதியை மட்டும் நிதானமாக. முடித்ததும் ஐந்து வரி: கேள்வி, பதில், யாரை மறுக்கிறார், ஆதாரம் என்ன, உங்களுக்கு எங்கே உறுத்துகிறது. இதைத் தமிழில் எழுதினாலும் தவறில்லை. ஐந்தாவது வரிதான் வகுப்பில் பேச உதவும்.

செமினாரில் 15 நிமிடம் பேச வேண்டும் என்றால் எழுத்தில் 1,800 ஆங்கிலச் சொற்கள், அதற்கு மேல் போகக் கூடாது. நிமிடத்துக்கு 120 சொல் என்பது நிதானமான வேகம். பயத்தில் எல்லோரும் வேகமாகத்தான் பேசுவோம், அதற்காகக் கூடுதலாக எழுதிக்கொண்டு போகாதீர்கள்.

இந்தப் படிப்பின் உயிர் ஆவணங்களில் இருக்கிறது. அதை முதல் வருடமே பழகியவர்களுக்கும் பழகாதவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டாம் வருடம் பளிச்சென்று தெரியும். கச்சத்தீவையே பாருங்கள். நம் ஊரில் எல்லோருக்கும் அதில் கருத்து உண்டு. மூல வாசகத்தைப் படித்தவர்கள் சிலரே. 1974 ஜூனில் கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்கு வந்துபோகலாம், பயண ஆவணமோ விசாவோ வேண்டாம் என்கிறது. மீனவர் என்ற சொல் அதில் இருக்கிறது, மீன்பிடித்தல் என்ற சொல் இல்லை. 6-ஆம் பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் கடலில் மரபாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் எல்லை வகுத்த இன்னொரு ஒப்பந்தம் வந்தது. இந்திய மீனவர்கள் இலங்கைக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்ற வாசகத்தை அந்த ஒப்பந்தத்தின் பிரிவுகளில் தேடினால் கிடைக்காது. இரு நாட்டு வெளியுறவுச் செயலர்கள் அப்போது பரிமாறிக்கொண்ட கடிதத்தில் இருக்கிறது. ஒரு தரப்பு 1974-ஐக் காட்டிப் பேசும், மறு தரப்பு கடிதத்தைக் காட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவருக்குத்தான் வாதம் எங்கே முட்டுகிறது என்று தெரியும்.

1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தமும் அப்படியே. மாகாண சபை, வடகிழக்கு இணைப்பு என்று ஒப்பந்தத்தின் உடலில் உள்ளதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். திருகோணமலைத் துறைமுகத்தை இந்திய நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் ராணுவப் பயன்பாட்டுக்கும் கொடுப்பதில்லை, அங்குள்ள எண்ணெய்த் தொட்டிகளை இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து சீரமைக்கும் என்ற சங்கதிகள் இணைப்புக் கடிதங்களில் உள்ளன. எந்த ஒப்பந்தத்தை எடுத்தாலும் இணைப்பு, கடிதம், வரைபடம், நடைமுறைக்கு வந்த தேதி ஆகிய நான்கையும் பார்க்காமல் மூடக் கூடாது. தமிழில் எல்லாவற்றையும் ‘ஒப்பந்தம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். கையெழுத்துக்குப் பிறகு அரசு உறுதிசெய்ய வேண்டிய உடன்படிக்கையா, புரிந்துணர்வுக் குறிப்பா, வெறும் கூட்டறிக்கையா என்பதை ஆவணத்தின் தலைப்பிலும் கடைசிப் பிரிவுகளிலும்தான் காண முடியும்.

இவை எங்கே கிடைக்கும்? ஐ.நா.வில் பதிவான ஒப்பந்தங்கள் ஐ.நா. ஒப்பந்தத் தொகுப்பில் இலவசமாக உள்ளன. இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் ஒப்பந்தங்களுக்குத் தனிப் பகுதி உண்டு. மக்களவை விவாதங்கள் நாடாளுமன்ற மின்னூலகத்தில். பழைய கோப்புகளுக்கு தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளம். ஐ.நா. வாக்கெடுப்புகளை ஐ.நா. மின்னூலகத்தில் நாடு வாரியாகப் பார்க்கலாம்.

அந்த வாக்கெடுப்பு விவரம் ஒன்றே ஒரு நல்ல கட்டுரைக்குப் போதும். ‘இந்திய-இலங்கை உறவுகள்’ என்று தலைப்புப் போடுவதுதான் முதல் செமஸ்டரின் தேசியத் தவறு. 3,000 சொல்லில் அது அடங்காது, பாடப்புத்தகச் சுருக்கமாக முடியும். கேள்வியாக மாற்றுங்கள். ஐ.நா. மனித உரிமைகள் மன்றத்தில் இலங்கை குறித்த தீர்மானத்தை இந்தியா 2012-இலும் 2013-இலும் ஆதரித்தது, 2014-இல் வாக்களிக்காமல் விலகி நின்றது. ஏன்?

“தமிழ்நாட்டின் அழுத்தம்” என்ற பதில் சட்டென்று வரும். அதைச் சோதித்துப் பாருங்கள். 2013 மார்ச் 19 அன்று தி.மு.க. மத்திய ஆட்சிக்கு ஆதரவை விலக்கிக்கொண்டது, இரண்டு நாள் கழித்து இந்தியா தீர்மானத்தை ஆதரித்து வாக்களித்தது. இதுவரை பொருந்துகிறது. ஆனால் 2014 மார்ச் 27 அன்று விலகி நின்றபோது மக்களவைத் தேர்தல் தொடங்க இரண்டு வாரம்கூட இல்லை. அழுத்தம்தான் காரணம் என்றால் அந்த நேரத்தில்தானே அது உச்சத்தில் இருந்திருக்க வேண்டும்? இப்போது மூன்று தீர்மானங்களின் வாசகத்தையும் வரிவரியாக ஒப்பிடுங்கள். 2014 தீர்மானம் மனித உரிமைகள் ஆணையர் அலுவலகமே விரிவான விசாரணை நடத்தக் கோருகிறது. முந்தைய இரண்டிலும் அது இல்லை. வாக்களித்த பிறகு இந்தியப் பிரதிநிதி தந்த விளக்கத்தையும் எடுத்துப் பாருங்கள், வெளியிலிருந்து திணிக்கப்படும் விசாரணைக்கு எதிர்ப்பு அதில் இருக்கிறது. ஆக, போட்டியிடும் இரண்டு விளக்கங்கள், மூன்று வாக்கெடுப்புகள். கட்டுரையின் எலும்புக்கூடு தயார். 2021-இலும் 2022-இலும் இந்தியா விலகியே நின்றதைக் கடைசியில் சேர்த்து, உங்கள் விளக்கம் அங்கேயும் நிற்கிறதா என்று பார்க்கலாம்.

3,000 சொல்லைப் பிரிப்பது இப்படி: முன்னுரை 350, முந்தைய ஆய்வுகள் 600, ஆதாரமும் வாதமும் 1,700, முடிவு 350. முந்தைய ஆய்வுகளை 1,500 சொல்லுக்கு இழுத்துவிட்டுச் சொந்த வாதத்துக்கு இடமில்லாமல் தவிப்பது வழக்கம். ஆறு வாரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் கேள்வி, அடுத்த இரண்டு வாரம் ஆவணம், நான்காவது வாரம் முழு வரைவு. ஐந்தாவது வாரம் தொடாமல் வையுங்கள், ஆறாவது வாரம் திருத்தம். அடிக்குறிப்பை எழுதும்போதே போட்டுவிட வேண்டும். கடைசி இரவில் பக்க எண் தேடி அலைவதைப் போன்ற சித்திரவதை வேறில்லை. சாட்பாட் கொடுக்கும் மேற்கோள்களை நூலகத்தில் திறந்து பார்க்காமல் சேர்க்காதீர்கள், இல்லாத கட்டுரைக்கு ஆண்டும் இதழ் எண்ணும் போட்டுக் கொடுக்கும். தமிழ் நூலிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றி எழுதுவதை எழுத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருள் பெரும்பாலும் பிடிக்காது, ஆனால் பெயர் குறிப்பிடாவிட்டால் அதுவும் திருட்டே. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிகளின்படி ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

மொழிக்கு வருவோம். ஒரு பிராந்தியத்தைச் சிறப்பாகப் படிக்க அதன் மொழி வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்குப் போட்டிருக்கும் கணக்கு இது: பிரெஞ்சுக்குச் சுமார் 30 வாரம், ரஷ்ய மொழிக்கு 44, சீனம், அரபு, ஜப்பானியம், கொரியனுக்கு 88. அதுவும் முழுநேர வகுப்பு. வாரம் நான்கு மணி நேரம் படிக்கும் எம்.ஏ. மாணவர் இரண்டு வருடத்தில் சரளமாகப் பேசுவது நடக்காது. செய்தித் தலைப்பும் அரசு அறிக்கையும் அகராதியோடு படிக்க வருவதை இலக்காக வையுங்கள். அந்தக் கணக்கு ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்குப் போட்டது. ஜப்பானியத்திலும் கொரியனிலும் வினை கடைசியில் வருவது நமக்கு உறுத்தாது, அந்த மட்டில் நமக்கு அனுகூலம். ஜப்பானியத்தின் ஜே.எல்.பி.டி. தேர்வை ஜூலை, டிசம்பர் மாதங்களில் எழுதலாம், சென்னையில் மையம் உண்டு.

கையில் இருக்கும் தமிழையே பலர் கணக்கில் எடுப்பதில்லை. இலங்கை நாடாளுமன்ற விவாதப் பதிவான ஹன்சார்ட்டில் உறுப்பினர் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அச்சாகிறது. தமிழ் உறுப்பினர்களின் உரைகளை டெல்லியின் ஆய்வாளர்கள் பலரால் படிக்க முடியாது. வீரகேசரி, உதயன், சிங்கப்பூரின் தமிழ் முரசு, நூலகம் மின்னூலகத்தில் குவிந்து கிடக்கும் பழைய இதழ்கள் எல்லாமே முதன்மை ஆதாரங்கள். ஆய்வு முன்மொழிவில் இதைத் தயங்காமல் எழுதலாம். ஒரு எச்சரிக்கையும் உண்டு: தமிழும் ஆங்கிலமும் மட்டும் படித்து இலங்கை பற்றி எழுதினால் கொழும்பில் என்ன யோசிக்கிறார்கள் என்பது பாதிதான் கிடைக்கும். சிங்களம் படிக்கும் தமிழ்நாட்டு மாணவர் அரிது. அதனாலேயே அதற்கு மதிப்பு அதிகம்.

மூன்றாவது செமஸ்டரில், கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான நெட் தேர்வை யோசிக்கத் தொடங்க வேண்டும். 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், கழிவு இல்லை, அதனால் எதையும் விடாமல் குறிக்கலாம். அரசியல் அறிவியல், சர்வதேச மற்றும் பிராந்திய ஆய்வுகள் என்று தனித்தனிப் பாடங்கள் உண்டு. நம் ஊர்க் கல்லூரிகளில் ஆசிரியர் வேலை தேடுவதாக இருந்தால் அரசியல் அறிவியலை எடுப்பது நல்லது, காரணம் துறைகள் பெரும்பாலும் அந்தப் பெயரில்தான் இருக்கின்றன. அதில் ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. எம்.ஃபில். இப்போது இல்லை, எம்.ஏ. முடித்து நேராக பிஎச்.டி.தான். 2024 முதல் நெட் மதிப்பெண்ணே பிஎச்.டி. சேர்க்கைக்கும் பயன்படுகிறது. ஜே.ஆர்.எஃப். கிடைக்காதவர்களுக்கு நெட் 70 சதவீதம், நேர்காணல் 30 சதவீதம் என்று கணக்கு, அந்த மதிப்பெண் ஓராண்டு மட்டுமே செல்லும்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஆய்வு மையங்கள் கேட்பது எழுத்து மாதிரி. டெல்லியில் மனோகர் பாரிக்கர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், உலக விவகாரங்களுக்கான இந்தியக் கவுன்சில், சென்னையில் சீன ஆய்வுகளுக்கான சென்னை மையம் போன்ற இடங்களுக்கு, மேலே சொன்னது போன்ற ஒரு கட்டுரையை எட்டுப் பக்கத்துக்குச் சுருக்கி வைத்திருந்தால் போதும். ஐ.நா. கனவு இருப்பவர்கள் இரண்டு விஷயத்தை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். ஐ.நா. செயலகத்தின் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் இல்லை, நியூயார்க்கிலோ ஜெனீவாவிலோ தங்கும் செலவு உங்களுடையது. இளம் தொழில்வல்லுநர் தேர்வுக்கு வயது வரம்பு 32, அதோடு ஊழியர் எண்ணிக்கையில் பிரதிநிதித்துவம் குறைந்த நாடுகளின் குடிமக்கள் மட்டுமே எழுதலாம். அந்தப் பட்டியல் ஆண்டுதோறும் மாறும். உங்கள் நாடு அந்த ஆண்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படிக்கத் தொடங்குங்கள்.